சிங்கப்பூருக்கு மலிவு டிக்கெட் கிடைக்கிறது, லண்டனுக்கு ஏன் கிடைப்பதில்லை?

2025 ஜூலையில் இண்டிகோ மும்பையிலிருந்து மான்செஸ்டருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் பறக்கத் தொடங்கியது. பட்ஜெட் விமானம் என்றே நமக்குப் பழகிப்போன நிறுவனம் ஐரோப்பாவுக்குப் போகிறது என்றதும் பலரும் கேட்டது ஒரே கேள்விதான். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ குறைந்த காசில் போய்வர முடிகிறது. லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் அப்படிப் போகிற காலம் வந்துவிட்டதா?

பாதி வந்திருக்கிறது என்று சொல்லலாம். ஆறு, ஏழு மணி நேரப் பயணங்கள் இனி மலிவாக நல்ல வாய்ப்பு இருக்கிறது. பத்து மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் பட்ஜெட் நிறுவனத்தின் சாமர்த்தியங்களில் பெரும்பாலானவை பலிப்பதில்லை. 1977 முதல் இதை முயன்றவர்கள் நிறையப் பேர், நிலைத்தவர்கள் சிலர்தான். காரணம் புரிய வேண்டுமானால், குறுகிய தூரத்தில் அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

மலிவின் அடிப்படைகள்

அமெரிக்காவில் 1971இல் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் காட்டிய வழியைத்தான் பிறகு ஐரோப்பாவில் ரயன்ஏரும், மலேசியாவில் ஏர்ஏசியாவும், இந்தியாவில் இண்டிகோவும் தங்கள் ஊருக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டன. அதன் முக்கியக் கூறுகள் இவை:

1. ஒரே ரக விமானம். போயிங் 737 அல்லது ஏர்பஸ் ஏ320. விமானிகளுக்கு ஒரே பயிற்சி, பட்டறையில் ஒரே வகை உதிரிபாகம்.

2. தரையில் நிற்கும் நேரத்தைக் குறைப்பது. வந்து இறங்கிய விமானம் அடுத்த பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும் வரையிலான நேரத்தை 'டர்ன்அரவுண்ட்' என்பார்கள். பட்ஜெட் நிறுவனங்கள் இதை 25, 30 நிமிடத்துக்குள் முடிக்கப் பார்க்கும்.

3. நெருக்கமான இருக்கைகள். பிசினஸ் கிளாஸ் கிடையாது, முழுக்க எகானமி.

4. சாப்பாடு, லக்கேஜ், இருக்கைத் தேர்வு எல்லாவற்றுக்கும் தனிக் கட்டணம்.

5. ஊருக்கு ஊர் நேர் பயணம். வேறு விமானத்தில் வருகிறவருக்காகக் காத்திருப்பதோ அவர் பெட்டியை மாற்றி ஏற்றுவதோ இல்லை.

இவற்றில் பணத்தை அதிகம் மிச்சப்படுத்துவது இரண்டாவது. தூரம் கூடும்போது முதலில் பயனற்றுப் போவதும் அதுதான்.

யாரும் வாங்காத இரண்டு மணி நேரம்

ஒரு மணி நேரம் பறக்கும் தடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு விமானம் நாளில் 14 மணி நேரம், அதாவது 840 நிமிடம் வேலை செய்கிறது. தரையில் ஒரு மணி நேரம் நிற்கும் பழைய பாணி நிறுவனத்துக்கு ஒரு சுற்று 120 நிமிடம். நாளுக்கு ஏழு பயணம். 25 நிமிடத்தில் கிளம்பும் பட்ஜெட் நிறுவனத்துக்கு ஒரு சுற்று 85 நிமிடம். நாளுக்கு ஒன்பது பயணம். அதே விமானத்தில், அதே வாடகையில், இரண்டு பயணத்துக்கான டிக்கெட் கூடுதலாக விற்கிறது. 180 இருக்கை என்றால் தினமும் 360 டிக்கெட்.

இப்போது பத்து மணி நேரத் தடம். தரையில் இரண்டு மணி நேரம் நின்றால் ஒரு சுற்று 12 மணி நேரம், நாளுக்கு இரண்டு பயணம். ஓடியாடி ஒரு மணி நேரத்தில் கிளம்பினால் ஒரு சுற்று 11 மணி நேரம், அப்போதும் நாளுக்கு இரண்டே பயணம்தான். மிச்சமான இரண்டு மணி நேரத்தில் எந்த ஊருக்கும் போய்வர முடியாது. நெடுந்தூரத்தில் பெரிய நிறுவனங்களும் தங்கள் விமானங்களை ஏற்கெனவே முழு மூச்சாகத்தான் ஓட்டுகின்றன. புதிதாக வருகிறவர் பிழிந்தெடுக்க அங்கே அதிகம் மிச்சமில்லை.

அப்புறம் எரிபொருள். தூரம் கூடக்கூட மொத்தச் செலவில் எரிபொருளின் பங்கு கூடுகிறது. அதன் விலை ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒன்றுதான், பேரம் பேசிப் பாதியாக்க முடியாது. அதோடு, பத்தாவது மணி நேரத்தில் எரிக்கப்போகும் எரிபொருளை முதல் ஒன்பது மணி நேரமும் சுமந்தாக வேண்டும். கூடுதலாக ஏற்றும் எடையில் மணிக்குச் சுமார் 3 முதல் 4 சதவீதம் அளவுக்கு எரிபொருள், அந்த எடையைத் தூக்கிச் செல்வதற்கே செலவாகிவிடும் என்பது விமானத் துறையின் தோராயக் கணக்கு.

ஊழியர் செலவும் அப்படித்தான். மதுரைக்குப் போய்த் திரும்பும் விமானி இரவு தன் வீட்டில் தூங்குகிறார். லண்டனுக்குப் போனவருக்கு ஹோட்டல் அறை, படி, ஓய்வு நாள் எல்லாம் வேண்டும். பறக்கும் நேரம் வரம்பைத் தாண்டினால் மூன்றாவது, நான்காவது விமானியும் சட்டப்படி தேவை.

முன் இருக்கைக்காரர் கட்டும் பணம்

சரி, நெருக்கமான இருக்கைகளாவது கைகொடுக்காதா? கொடுக்கும். ஆனால் எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரு கணக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளலாம்.

நார்வேஜியன் என்ற நார்வே நாட்டு பட்ஜெட் நிறுவனம் போயிங் 787-9 விமானத்தில் 344 இருக்கைகள் வைத்திருந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் அதே ரக விமானத்தில் வைத்தது 216. அதில் முதல் வகுப்பும் பிசினஸ் கிளாஸும் சேர்ந்து 50, மீதி 166 பிரீமியம் எகானமியும் எகானமியும். ஒருமுறை பறக்க இருவருக்கும் ஒரு கோடி ரூபாய் செலவாகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

பட்ஜெட் விமானம் நிரம்பினால் ஒரு இருக்கைக்கு விழும் செலவு சுமார் 29,000 ரூபாய். மற்றதில் சராசரியாக 46,000. பார்வைக்குப் பெரிய வித்தியாசம். ஆனால் அந்த 50 முன் இருக்கைகளை ஆளுக்கு ஒரு லட்சத்துக்கு விற்றுவிட்டால் 50 லட்சம் கைக்கு வந்துவிடுகிறது. மீதி 50 லட்சத்தை 166 பேரிடம் வாங்கினால் போதும். ஆளுக்குச் சுமார் 30,000 ரூபாய்தான். பட்ஜெட் விமானத்தைவிட ஆயிரம் ரூபாய் அதிகம், அதில் சாப்பாடும் உண்டு.

பட்ஜெட் விமானத்தில் 15 சதவீத இருக்கை காலியாகப் போனால் அவர்களுடைய 29,000 உடனே 34,000 ஆகிவிடும். 344 இருக்கையைப் பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் நிரப்புவது லேசுப்பட்ட காரியமில்லை. பெரிய நிறுவனம் பத்துப் பதினைந்து ஊர்களிலிருந்து இணைப்பு விமானங்களில் ஆள் கொண்டுவந்து நிரப்பும். நேர் பயணம் மட்டும் விற்கிறவருக்கு அந்த வழி கிடையாது.

நெடுந்தூர விமானத்தின் பின்பகுதியில் உட்காருகிறவர் பல நேரம் ஏற்கெனவே பட்ஜெட் கட்டணத்தில்தான் பயணிக்கிறார். கம்பெனிக் காசில் முன்னால் படுத்துக்கொண்டு போகிறவர் அதற்கு ஈடுகட்டுகிறார். பட்ஜெட் நிறுவனம் தோற்கடிக்க வேண்டியது பெரிய நிறுவனத்தின் சராசரிச் செலவை அல்ல, இந்த ஏற்பாட்டை.

லேக்கர் முதல் நார்வேஜியன் வரை

1977 செப்டம்பர் 26 அன்று பிரிட்டனின் பிரெடி லேக்கர் தன் 'ஸ்கைட்ரெய்ன்' சேவையை லண்டன் கேட்விக்கிலிருந்து நியூயார்க்குக்கு விட்டார். போக 59 பவுண்டு. முன்பதிவு இல்லை. பயண நாளில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்க வேண்டும், சாப்பாட்டுக்குத் தனிக் காசு. ஊரே திரண்டு வந்தது. 1979இல் சிகாகோவில் டிசி-10 விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியதும் அந்த ரக விமானங்கள் சில வாரங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. லேக்கரின் நெடுந்தூர விமானங்கள் டிசி-10கள்தான். பிறகு பவுண்டின் மதிப்பு இறங்கியது. அவர் விமானக் கடன்களை டாலரில் வாங்கியிருந்தார். 1981இல் பான் ஆம், டிடபிள்யூஏ என்ற பெரிய அமெரிக்க நிறுவனங்களும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் தங்கள் கட்டணத்தை அவர் அளவுக்கு இறக்கின. 1982 பிப்ரவரி 5 அன்று லேக்கர் ஏர்வேஸ் மூடப்பட்டது. சேர்ந்து சதி செய்ததாகத் தொடுக்கப்பட்ட வழக்கில் பெரிய நிறுவனங்கள் 1985இல் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. அதனால் லேக்கர் உயிர்த்தெழவில்லை.

இந்தக் கதையில் அவரைக் கவிழ்த்தவை மூன்று: ஒரே ரக விமானத்தைச் சார்ந்திருந்தது, டாலர் கடன், பெரியவர்களின் கட்டணக் குறைப்பு. நாற்பது ஆண்டு கழித்து நார்வேஜியனுக்கு நடந்ததைப் பாருங்கள்.

ஐரோப்பாவுக்குள் பறந்துகொண்டிருந்த நார்வேஜியன் 2013 மே மாதம் நியூயார்க்குக்கும் பாங்காக்குக்கும் விமானம் விட்டது. 787 அப்போது புது விமானம். பழைய 767ஐவிட எரிபொருள் சுமார் 20 சதவீதம் குறையும் என்று போயிங் சொன்னது. வளர்ச்சி அசுர வேகத்தில் இருந்தது. 2018இல் நியூயார்க் பகுதியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் பயணிகள் எண்ணிக்கையில் பிரிட்டிஷ் ஏர்வேஸையே முந்தியது. ஆனால் அந்த விமானங்களில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் ட்ரெண்ட் 1000 எஞ்சின்களின் பிளேடுகளில் கோளாறு கண்டுபிடிக்கப்பட, பல விமானங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. பதிலுக்கு வாடகை விமானம் எடுத்தார்கள். 2018 ஆகஸ்டில் நியூயார்க் தடத்தில் உலகின் மிகப்பெரிய பயணிகள் விமானமான ஏ380 ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டிய கூத்தும் நடந்தது. 2019 மார்ச்சில் உலகமெங்கும் போயிங் 737 மேக்ஸ் ரக விமானங்கள் பறக்காமல் தரையில் நிறுத்தப்பட்டபோது அவர்களிடம் அவையும் 18 இருந்தன.

போட்டியாளர்கள் சும்மா இருப்பார்களா? பிரிட்டிஷ் ஏர்வேஸின் தாய் நிறுவனமான ஐஏஜி 2017இல் 'லெவல்' என்று சொந்தமாகவே ஒரு பட்ஜெட் பிராண்டைத் தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் அட்லாண்டிக் தடத்தில் பெட்டி இல்லாத 'பேசிக்' டிக்கெட்டை விற்க ஆரம்பித்தன. 787 விமானத்தையும் எல்லோரும் வாங்கிவிட்டார்கள். கொரோனா வந்தபோது கடன் கழுத்தை நெரித்தது. 2021 ஜனவரியில் நார்வேஜியன் நெடுந்தூரத்தை முற்றாகக் கைவிட்டது. உள்ளூர்ச் சேவை இன்றும் நன்றாகத்தான் ஓடுகிறது.

நடுவில் விழுந்தவர்களும் உண்டு. ஹாங்காங்கின் ஒயாசிஸ் 2008இல், ஐரோப்பாவின் பிரைமெரா 2018இல், ஐஸ்லாந்தின் வாவ் 2019இல். ரயன்ஏரின் கதை வேடிக்கையானது. அட்லாண்டிக் தாண்டும் திட்டத்துக்கு இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டதாக 2015 மார்ச்சில் செய்தி வந்தது. அப்படி எதையும் பரிசீலிக்கவே இல்லை என்று சில நாளில் நிறுவனமே மறுத்துவிட்டது. உலகின் மிகக் கறாரான பட்ஜெட் நிறுவனம் இன்றுவரை அட்லாண்டிக்கைத் தாண்டவில்லை என்பது நூறு ஆய்வுகளைவிட அதிகம் சொல்கிறது.

பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்

ஆஸ்திரேலியாவின் ஜெட்ஸ்டார் குவான்டஸின் பிள்ளை. 2012இல் சிட்னிக்கு முதல் விமானம் விட்ட ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பிள்ளை. ஜப்பானின் சிப்ஏர், ஜப்பான் ஏர்லைன்ஸின் பிள்ளை. அது 2020இல் கொரோனாவுக்கு நடுவே பயணிகள் விமானத்தில் சரக்கு ஏற்றித்தான் தொழிலையே தொடங்கியது. தாய் வீட்டிலிருந்து விமானமும் பயிற்சியும் கிடைக்கும், கஷ்ட காலத்தில் பணமும் கிடைக்கும். அப்படியிருந்தும் ஸ்கூட் 2017இல் தொடங்கிய ஹோனலூலு சேவையை 2019இல் நிறுத்திவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவர்கள் யாரும் பழைய ஐந்து விதிகளை முழுசாகப் பின்பற்றவில்லை. சிப்ஏரின் 290 இருக்கையில் 18 முழுசாகப் படுக்கையாகும். ஏர்ஏசியா எக்ஸிடமும் 12 படுக்கை இருக்கைகள் உண்டு. முன்னால் கொஞ்சம் பணக்காரர்கள் தேவை என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

ஏர்ஏசியா எக்ஸுக்குத் தாய் நிறுவனம் என்று பெரிய நெடுந்தூர நிறுவனம் இல்லை. ஆனால் கோலாலம்பூரில் ஏர்ஏசியாவின் குறுந்தூர விமானங்கள் ஆள் கொண்டுவந்து சேர்க்கின்றன. திருச்சியில் ஏறி கோலாலம்பூரில் மாறி சிட்னிக்கோ மெல்போர்னுக்கோ போகிற நம்மூர்க்காரர்கள் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். அதே நிறுவனம் 2009இல் நான்கு எஞ்சின் ஏ340ஐ வைத்துக்கொண்டு லண்டனுக்கும் பறந்தது. எரிபொருள் விலையும் ஐரோப்பிய வரிகளும் கட்டுப்படியாகாமல் 2012 மார்ச்சில் நிறுத்தியது. கொரோனாவில் திணறி, 2021இல் சுமார் 3,300 கோடி ரிங்கிட் பொறுப்புகளில் 0.5 சதவீதம் மட்டும் தருகிறோம் என்று கடன்காரர்களிடம் சம்மதம் வாங்கித்தான் மீண்டது. பிழைத்தவர் பட்டியலில் இதைச் சேர்க்கும்போது, விலை கொடுத்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புது விமானம் எதை மாற்றுகிறது

இப்போதைய எதிர்பார்ப்புக்கு முக்கியக் காரணம் ஏர்பஸ் ஏ321 எக்ஸ்எல்ஆர். உள்நாட்டில் பறக்கும் ஏ321 போலவே நடுவில் ஒரே நடைபாதைதான். எரிபொருள் தொட்டி பெரிசு. 8,700 கிலோமீட்டர் வரை பறக்கும் என்கிறது ஏர்பஸ். 2024 நவம்பரில் ஸ்பெயினின் ஐபீரியா நிறுவனம் அதை முதலில் மாட்ரிட்–பாஸ்டன் தடத்தில் இறக்கியது.

இதன் பலம் தூரத்தில் இருப்பதைவிட இருக்கை எண்ணிக்கையில் இருக்கிறது. 340 பேரை நிரப்ப முடியாத தடத்தில் 200 பேரை நிரப்பலாம். ஏற்கெனவே ஏ320 ஓட்டும் நிறுவனத்துக்கு அதே விமானிகளும் அதே பட்டறையும் போதும். ஐந்து விதிகளில் முதலாவது அப்படியே உயிரோடு இருக்கிறது.

ஆனால் ஏட்டில் உள்ள தூரம் வேறு, முழு சுமையோடு எதிர்க்காற்றில் பறக்கும் தூரம் வேறு. சென்னை–லண்டன் நேர்கோட்டிலேயே சுமார் 8,200 கிலோமீட்டர். மேற்கே போகும்போது காற்று எதிர்க்கும், மாற்று விமான நிலையத்துக்குப் போக எரிபொருள் கையிருப்பும் வேண்டும். ஆகவே இந்த விமானத்தில் அது சரிப்படாது. மும்பை–ஏதென்ஸ் சுமார் 5,200 கிலோமீட்டர், வசதியாக அடங்கும். சென்னையிலிருந்து பெர்த் 6,300, டோக்கியோ 6,500. இவையும் எட்டும் தூரம்தான். மலிவுக் கட்டணம் உண்மையில் வரக்கூடியது இந்த வளையத்துக்குள்தான் என்பது என் கணிப்பு.

எஞ்சின் சிக்கல் மட்டும் தீர்ந்தபாடில்லை. ஐரோப்பாவின் விஸ் ஏர் எக்ஸ்எல்ஆரை நம்பிப் பெரிய திட்டம் போட்டிருந்தது. பிராட் அண்டு விட்னி எஞ்சின்கள் பாலைவன வெப்பத்தில் படுத்தும் பாட்டையும் ஒரு காரணமாகச் சொல்லி 2025இல் தன் அபுதாபி நிறுவனத்தையே மூடியது. எக்ஸ்எல்ஆர் ஆர்டரையும் வெட்டியது.

இண்டிகோ செய்வது என்ன

ஐரோப்பாவுக்குப் பறக்க இண்டிகோ எடுத்த 787கள் சொந்த விமானங்கள் இல்லை. நார்ஸ் அட்லாண்டிக் என்ற நார்வே நிறுவனத்திடமிருந்து 'டாம்ப் லீஸ்' முறையில் எடுத்தவை. விமானம், விமானிகள், பராமரிப்பு எல்லாம் அவர்களுடையது, பணியாளர்களில் ஒரு பகுதி இண்டிகோவுடையது, டிக்கெட் விற்கும் பொறுப்பும் இண்டிகோவுடையது என்பது இதன் பொருள். இந்த நார்ஸ், நார்வேஜியன் கைவிட்ட அதே 787களை வைத்து 2022இல் தொடங்கிய நிறுவனம். மலிவு டிக்கெட் விற்றுப் பார்த்துவிட்டு, தன் 12 விமானங்களில் பாதியை இண்டிகோவுக்கு வாடகைக்கு விட 2025இல் ஒப்புக்கொண்டது. பருவகாலக் கூட்டத்தை நம்புவதைவிட மாத வாடகை மேல் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

அந்த விமானத்தில் 338 இருக்கை, அதில் 56 பிரீமியம். இண்டிகோ உள்நாட்டிலேயே பிசினஸ் இருக்கைகளை 2024இல் கொண்டுவந்துவிட்டது. ஏர்பஸ் ஏ350 என்ற பெரிய நெடுந்தூர ரகத்தில் முதலில் 30, பிறகு 2025இல் மேலும் 30 என்று கேட்டிருக்கிறது. இவையெல்லாம் மலிவு நெடுந்தூரத்துக்கான ஏற்பாடு மாதிரித் தெரியவில்லை. பட்ஜெட் நிறுவனமாக வளர்ந்து, நெடுந்தூரத்தில் பெரிய நிறுவனமாக மாறும் முயற்சி இது.

கட்டணத்தைத் தீர்மானிக்கும் வேறு சில விஷயங்களும் இருக்கின்றன:

1. வளைகுடாப் போட்டி. சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடியாகப் போவது பிரிட்டிஷ் ஏர்வேஸ், பிராங்க்பர்ட்டுக்கு லுஃப்தான்சா. ஆனால் விலையை இழுத்துப் பிடித்திருப்பது துபாய், தோஹா, அபுதாபி வழியாகப் போகிறவர்களும் கொழும்பு வழியாகப் போகும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸும்தான். புதிதாக வருகிறவர் அந்த ஒரு நிறுத்தக் கட்டணத்தோடுதான் மோத வேண்டும்.

2. டாலர். குத்தகையும் எரிபொருளும் டாலரில், வருமானத்தில் பெரும்பகுதி ரூபாயில். லேக்கருக்குப் பவுண்டு செய்ததை ரூபாயும் செய்ய முடியும்.

3. வான்வழி. 2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அதே ஊருக்குப் போகும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு அந்தச் செலவு இல்லை.

4. வரி. பிரிட்டனிலிருந்து கிளம்பும் 16 வயது நிரம்பிய எகானமி பயணிகளுக்கு விமான வரி உண்டு. 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டில் அது ஐரோப்பாவுக்குள் 13 பவுண்டாகவும் இந்தியாவுக்கு 90 பவுண்டாகவும் இருந்தது. டிக்கெட்டை எவ்வளவு மலிவாக விற்றாலும் இந்த வரி குறையாது.

டிக்கெட் எடுக்கும்போது

விளம்பரத்தில் வரும் கட்டணம் கைப்பையோடு மட்டும் போகிறவருக்கானது. லண்டனிலிருந்து ஊருக்கு வருகிறவரும், இங்கிருந்து ஊறுகாயும் இட்லிப் பொடியும் கட்டிக்கொண்டு போகிறவரும் இரண்டு பெட்டி இல்லாமல் கிளம்புவதில்லை. பெட்டி, இருக்கை, சாப்பாடு மூன்றையும் சேர்த்த பிறகு வரும் தொகையை, இவையெல்லாம் அடங்கிய வளைகுடா டிக்கெட்டோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டு மலிவு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கி நீங்களே இணைத்துக்கொண்டால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. நடுவில் வெளியே வந்து பெட்டியை எடுத்துத் திரும்பப் போட வேண்டியிருந்தால் அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். ஏர்ஏசியா, ஸ்கூட் போன்றவை கோலாலம்பூர், சிங்கப்பூர் வழியாக ஒரே முன்பதிவில் விற்கும் இணைப்பு டிக்கெட்டுகளில் இந்தத் தொல்லை குறைவு.

புது நிறுவனமாக இருந்தால் கிரெடிட் கார்டில் பணம் கட்டுவது நல்லது. சேவை கிடைக்காவிட்டால் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கும். 2019 மார்ச் 28 காலையில் வாவ் ஏர் மூடப்பட்டபோது, டிக்கெட்டோடு விமான நிலையத்தில் நின்றவர்களுக்கு அந்த நிறுவனம் சொன்ன யோசனை, வேறு விமானத்தில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.